மறுக்க உரிமையில்லாத பள்ளி

பள்ளிக்கூடம் நடத்துவது அரசின் வேலையல்ல என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்குப் போட வேண்டுமாம். அந்தத் தொகைக்கு ஒரு வவுச்சர் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். அவர்கள் தங்களுக்குப் பிடித்த பள்ளியில் அதை நீட்டுவார்கள். நல்ல பள்ளி தழைக்கும், மட்டமான பள்ளி இழுத்து மூடப்படும், அரசு கல்லாவில் காசைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இட்லி சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறோமே, அதற்காக அரசு இட்லிக்கடை வைத்தா நடத்துகிறது என்று கேட்டு, கேள்வி முடிந்ததும் வெற்றிக் களிப்போடு அடுத்த பத்திக்குப் போய்விட்டார் கட்டுரையாளர்.

நடத்துகிறது ஐயா. 2013 பிப்ரவரியிலிருந்து சென்னை மாநகராட்சி அம்மா உணவகம் நடத்துகிறது. இட்லி ஒரு ரூபாய்க்கு விற்றது. உவமை தேடும்போதாவது சொந்த ஊரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருக்கலாம்.

அந்தச் சறுக்கலை விடுவோம். உவமையின் உள்ளேயே ஓட்டை இருக்கிறது. இட்லிக்கடைக்காரர், சாப்பிட வருபவரின் அப்பா எதுவரை படித்தார், அம்மா வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இங்கிலீஷ் பேசுவார்களா என்று கேட்டுவிட்டு இலை போடுவதில்லை. பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் என் இட்லியின் ருசி மாறுவதும் இல்லை. பள்ளி அப்படியல்ல. ஒரு தனியார் பள்ளி விற்கும் சரக்கில் பாதி, உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் போகும் பிள்ளைகள்தாம். ஆகவே யாரை உள்ளே விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பது அந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கட்டுரையாளர் எட்டுப் பக்கம் எழுதினார். பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு எட்டு வரிகூட ஒதுக்கவில்லை.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலைந்த யாரிடமும் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டிப் பாருங்கள், சிரிப்பார்கள். இன்டர்வியூ என்ற பெயர் போய் 'பேரன்ட் இன்டராக்‌ஷன்' என்று வந்திருக்கிறது. டொனேஷன் என்ற பெயர் போய் கட்டட நிதி என்று வந்திருக்கிறது. இது நுழைவாயில் வடிகட்டி. இரண்டாவது வடிகட்டி ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவான் என்று தோன்றும் பையனின் பெற்றோரைக் கூப்பிட்டு, 'டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாத்துக்குங்க, ஃபெயில்னு போடாம குடுக்கிறோம்' என்று பரிவோடு சொல்வது எந்த ஊரிலும் புதிதில்லை. அந்தப் பையன் எங்கே போவான்? அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. அடுத்த ஆண்டு மே மாதம் தனியார் பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் நம் கட்டுரையாளர் புள்ளிவிவரம் எழுதுகிறார்.

பெற்றோராகப் பார்த்து வெளியேறுவதும் அவ்வளவு எளிதில்லை. கட்டணப் பாக்கி இருந்தால் டி.சி. கிடைக்காது, கிடைத்தாலும் பாக்கி என்று எழுதி வரும். பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தவோ அதில் குறிப்பு எழுதவோ கூடாது, அது கடன் வசூலிக்கும் கருவியல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கடை மாறுவதற்கு நீதிமன்றப் படியேற வேண்டிய சந்தையைச் சந்தை என்று அழைப்பது மிகவும் தாராள மனது.

சரி, போட்டி தரத்தை உயர்த்தும் என்கிறாரே. போட்டி முழு வீச்சில் நடந்த இடம் நம்மிடமே இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை; கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் தாங்களாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகள் அவை. அங்கே போட்டி எதை உயர்த்தியது? பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் முறையை உயர்த்தியது. பிராய்லர் பள்ளி என்ற பெயரை ஊர்தான் வைத்தது. பெற்றோர் கேட்டது மார்க். சந்தை மார்க்கைக் கொடுத்தது. முதலாண்டு பொறியியல் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் முழித்ததற்குச் சந்தை பொறுப்பேற்கவில்லை. கடைசியில் 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்து, அதே காலத்தில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்ற பட்டியலையும் நிறுத்தியது. பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விவாதம். போட்டி தன்னைத்தானே திருத்திக்கொள்ளவில்லை என்பதே இங்கே முக்கியம்.

இந்த வவுச்சர் யோசனைக்குப் பொருளாதார மேதைகளின் பரிந்துரை உண்டு என்று கட்டுரையாளர் மில்டன் ஃபிரீட்மனை அழைத்து வருகிறார். வரட்டும். ஃபிரீட்மன் 1955-இல் இந்த யோசனையை எழுதிய கட்டுரையில் ஒரு நீண்ட அடிக்குறிப்பு இருக்கிறது. நம் ஆள் அதுவரை போகவில்லை போலிருக்கிறது. 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் கறுப்பர் வெள்ளையர் என்று பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உடனே தெற்கு மாநிலங்கள், அரசுப் பள்ளியைக் கைகழுவிவிட்டுப் பெற்றோருக்குக் கட்டண மானியம் கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தன. தன் திட்டமும் அவர்கள் திட்டமும் ஒரே உருவத்தில் இருப்பதை ஃபிரீட்மனே அந்த அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். நிறப்பிரிவினை தமக்குப் பிடிக்காது என்கிறார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் வெள்ளையருக்கு மட்டும், கறுப்பருக்கு மட்டும், இருவருக்கும் கலந்து என்று மூன்று வகைப் பள்ளியும் இருக்கட்டும், பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதான் அவர் கண்ட தீர்வு.

பெற்றோர் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்பது வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் தெரிந்தது. 1959-இல் அந்தக் கவுன்டி நிர்வாகம் தன் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளி ஒன்று முளைத்தது. அதற்குக் கட்டணம் கட்டப் பெற்றோருக்குப் பொதுப்பணத்திலிருந்து மானியம் போயிற்று. கறுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கவுன்டியில் பொதுப்பள்ளியே இல்லை. ஓராண்டல்ல, ஐந்தாண்டு. சிலர் உறவினர் வீட்டுக்கு வெளியூர் போனார்கள், சிலர் தேவாலய அறைகளில் எழுத்துப் படித்தார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பொதுப்பள்ளி திறந்தது. பெற்றோர் விருப்பம், பணம் பிள்ளையைத் தொடர்வது, அரசு பள்ளி நடத்தாமல் ஒதுங்குவது என்று கட்டுரையாளர் கேட்கும் மூன்றும் அங்கே ஒருசேர நடந்தன.

அது அமெரிக்கா, அந்தக் காலம், நிறவெறி. இங்கே அதற்கென்ன என்று கேட்பார். எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி என்று ஒரு கிராமம். 2023 செப்டம்பரில், அங்கே பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய கொஞ்ச நாளில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் சொல்லிவிட்டார்கள். இதுவும் பெற்றோர் விருப்பம்தான். அதிகாரிகள் போனார்கள், நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டார்கள். அது அரசுப் பள்ளி என்பதால் அவர்களால் போக முடிந்தது. அந்தச் சமையலறை அரசுடையது என்பதால் சமையல்காரரை மாற்ற மாட்டோம் என்று சொல்ல முடிந்தது. அந்தப் பெற்றோர் கையில் வவுச்சர் இருந்திருந்தால் இவ்வளவு ரகளையும் தேவைப்பட்டிருக்காது. காலையில் மஞ்சள் வேன் வந்து ஊரின் ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இப்போதே பல ஊர்களில் அப்படித்தான் போகிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி மெல்ல மெல்லக் காலனிப் பள்ளி ஆகிறது. சாதியென்று யாரும் வாய் திறப்பதில்லை, 'அங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு' என்பார்கள். வேன் கட்டணத்தை இன்றைக்கு அவர்கள் சொந்தக் காசில் கட்டுகிறார்கள். கட்டுரையாளர் அதைப் பொதுப்பணத்தில் கட்டச் சொல்கிறார்.

நாடு முழுக்க வவுச்சரை நடைமுறைப்படுத்திப் பார்த்த நாடு எதுவுமே இல்லாததுபோல அவர் எழுதுகிறார். சிலி இருக்கிறது. 1981-இல், பினோசெட்டின் ராணுவ ஆட்சியில், கேள்வி கேட்க நாடாளுமன்றமே இல்லாத வசதியான நேரத்தில், பணம் பிள்ளையைத் தொடரும் முறை அங்கே வந்தது. அப்போது முக்கால் பங்குக்கு மேற்பட்ட மாணவர்கள் பொதுப்பள்ளியில் படித்தார்கள். முப்பது ஆண்டில் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. அதனால் நாட்டின் சராசரிக் கல்வித்தரம் உயர்ந்ததா என்று சியே, உர்கியோலா என்ற இரு பொருளியலாளர்கள் தேடிப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. பொதுப்பள்ளியிலிருந்த வசதியான, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தனியாருக்கு இடம் மாறியிருந்தார்கள் என்பதுதான் கிடைத்தது. அதே ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு தெருவில் இறங்கினார்கள். கறுப்பு வெள்ளைச் சீருடை என்பதால் பென்குவின் புரட்சி என்றே பெயர். சுவீடனில் 1992 முதல் இதே முறை, அதுவும் லாபத்துக்கு அனுமதியோடு. 2013-இல் ஜே.பி. எஜுகேஷன் என்ற பள்ளி நிறுவனம் திவாலாகி, ஏறத்தாழ பத்தாயிரம் மாணவர்கள் வேறு பள்ளி தேடும்படி ஆயிற்று. மட்டமான பள்ளி மூடப்படும் என்று கட்டுரையாளர் எழுதிய சந்தோஷ வாக்கியத்தின் நடுவில், நடு வருஷத்தில், புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது.

அவருக்குச் சாதகமான சான்று ஒன்றும் உண்டு. அதை அவர் பாதிதான் சொன்னார், மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரத்தின் கிராமங்களில் குலுக்கல் முறையில் பிள்ளைகளுக்கு வவுச்சர் கொடுத்து, நான்காண்டு தொடர்ந்து சோதித்தது ஓர் ஆய்வு. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-இல் வெளியிட்டார்கள். வவுச்சர் பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். அந்த வகுப்புகளில் அரசுப் பள்ளி இந்தி கற்றுத்தரவே இல்லை. தனியார் பள்ளிக்கு ஆன செலவோ அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வாளர்களும் தனியார் பள்ளி சிக்கனமானது என்றே முடிவு கட்டினார்கள். இதைத்தான் நம்மவர் 'மூன்றில் ஒரு பங்கு செலவில் மேலான கல்வி' என்று எழுதினார். மேலான என்ற சொல் ஆய்வில் இல்லை, அவர் பேனாவிலிருந்து வழிந்தது.

அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சம்பளத்திலிருந்து. பி.எட். முடித்த ஒரு பெண், காலை எட்டரைக்கு வந்து, எட்டு பீரியடும் நின்று, மாலையில் நோட்டுத் திருத்தி, லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்பட்டு, அரசு ஆசிரியர் ஊதியத்தில் ஒரு சின்னத் துண்டை வாங்கிப் போகிறாள். உள்ளூரில் வேறு வேலை இல்லாத படித்த பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் இது ஓடுகிறது. நாட்டின் எல்லாப் பள்ளியையும் இப்படி ஓட்டலாம் என்றால் அதை நேராகச் சொல்லட்டும்: ஆசிரியர்களுக்குக் கூலியைக் குறைத்தால் மிச்சமாகும் என்று. கூலிக்குறைப்பு என்ற பூசணிக்காயைச் செயல்திறன் என்ற பிடிச்சோற்றில் மறைக்க வேண்டாம்.

வவுச்சர் தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கட்டணத்தை அரசு திருப்பித் தருகிறது. பெயர்தான் வேறு, சங்கதி அதுவே. 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதி செய்வதற்குள் தனியார் பள்ளிகள் எவ்வளவு எதிர்த்து வாதாடின என்பதை, தனியாரின் தாராளத்தைப் பாடுகிறவர் படித்துப் பார்க்க வேண்டும். 2014-இல் எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்குக் கிடைத்தது. இங்கே நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். கிடைத்தாலும் வேன் கட்டணமும் இன்னபிறவும் பெற்றோர் தலையில். 2024-இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. அதில்தான் இந்த 25 விழுக்காட்டுக்கான பணமும் இருந்தது. விளைவு, 2025-26 கல்வியாண்டுக்கு ஜூனுக்குள் முடிய வேண்டிய சேர்க்கை அக்டோபரில் தொடங்கியது. காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. நிதி நின்றதில் அரசுப் பள்ளிகளுக்கும் அடிதான். ஆனால் டெல்லியிலிருந்து காசு வரவில்லை, அக்டோபரில் வா என்று எந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் ஐந்து வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. வவுச்சர் என்பது ஒரு வாக்குறுதிச் சீட்டு. அதைப் பணமாக்குவது சீட்டைக் கொடுத்தவரின் மனசு. அரசை நம்பாதே என்று தொடங்கும் கட்டுரை, மாதந்தோறும் பணம் போடும் விஷயத்தில் மட்டும் அரசைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது விந்தை.

'அரசுப் பள்ளி ஆசிரியரே தன் பிள்ளையை அங்கே சேர்ப்பதில்லை' என்ற அடி மட்டும் சரியான இடத்தில் விழுகிறது. பெரும்பாலும் உண்மை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அவர்களில் ஒருவர் பாதி நாள் ஏதாவதொரு ஆப்பில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். கழிப்பறை இருக்கும், தண்ணீர் இருக்காது. காலிப்பணியிடத்தைத் தற்காலிக ஆசிரியரை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். எந்தக் கட்சி ஆட்சியும் இதற்கு விலக்கில்லை. ஆனால் இந்த நிலை எப்படி வந்தது? சத்தம் போட்டால் காது கொடுக்கப்படும் ஆட்கள், அதாவது அதிகாரி, வக்கீல், ஆசிரியர், இந்த மாதிரிக் கட்டுரை எழுதுகிறவர்கள், ஒவ்வொருவராக வெளியேறியதால் வந்தது. தாசில்தார் பிள்ளை படிக்கும் பள்ளியில் குழாய் ஒரு வாரத்துக்கு மேல் உடைந்து கிடக்காது. 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. நடக்கவில்லை என்பது தெரிந்த கதை. வெளியேற்றத்தால் வந்த நோய்க்கு இன்னும் பெரிய வெளியேற்றத்தை மருந்தாகச் சீட்டு எழுதித் தருகிறார் கட்டுரையாளர்.

தமிழ்நாட்டில் முதலில் பள்ளி கட்டியவர்கள் தனியாரும் மிஷனரிகளும் மடங்களும் சங்கங்களும்தானே என்கிறார். ஆமாம், கட்டினார்கள், கும்பிட்டுக்கொள்வோம். ஆசிரியர் சம்பளத்துக்கு மானியம் எங்கிருந்து போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காமராசர் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளி திறந்ததும், 1956-இல் மதிய உணவு வந்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு சேர்ந்ததும் எந்த வவுச்சரிலும் நடந்திருக்காது. பசித்த பிள்ளை எந்தப் பள்ளிக்கும் நல்ல வாடிக்கையாளர் அல்ல. இன்னொரு பக்கம், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் கூரை வேய்ந்து நடந்த தனியார் பள்ளிகளில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அந்தப் பெற்றோரும் அப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தாம். கூரையையும் மாடிப்படியின் அகலத்தையும் சோதிப்பது அவர்கள் வேலையல்ல. சோதிக்க வேண்டிய அரசு அன்று சோதிக்கவில்லை. அதிலிருந்து அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டுகிறவரின் தர்க்கத்தை என்னால் பின்தொடர முடியவில்லை.

பெற்றோர் தங்கள் கால்களால் வாக்களித்துவிட்டார்கள் என்கிறார் கடைசியாக. கால்கள் எந்தப் பக்கமெல்லாம் நடந்தன என்று பார்ப்போம். கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படிப்போர் 2022-இல் 72.9 விழுக்காடு என்று ஏசர் என்ற கல்விநிலை ஆய்வறிக்கை சொன்னது. கொரோனாவில் வேலையும் வருமானமும் போன வீடுகள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்திருந்தன. 2024-இல் அது 66.8-க்கு இறங்கியது. தனியார் பள்ளி கட்டணம் கேட்டு வெளியே நிறுத்திய நாளில் எந்தச் சந்தை அவர்களைச் சேர்த்துக்கொண்டது? ஒடிசாவிலிருந்து நடு வருஷத்தில் திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு வந்து, சூளை வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் குடும்பத்தின் பிள்ளைக்கு, ஒடியா எழுத்தும் தமிழும் கற்றுத்தர எந்தத் தாளாளர் வகுப்பு திறப்பார்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு? முதல் தலைமுறையாகப் பென்சில் பிடிக்கும் இருளர் குடியிருப்புப் பிள்ளைக்கு? இவர்களில் யாரையும் வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாத ஒரே பள்ளி அரசுப் பள்ளி. எங்கேயாவது சொன்னால் அது சட்டமீறல், தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே என் எதிர்வினை ஒரு நிபந்தனையோடு நிற்கிறது. கட்டுரையாளரின் வவுச்சர் திட்டத்தில் மூன்று வரி சேர்க்கட்டும்: வவுச்சரை நீட்டும் எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக் கூடாது; இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல்தான், இன்டர்வியூ கிடையாது; வவுச்சர் தொகைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. முப்பத்து நாலு ஆண்டு பட்டபிறகு 2015-இல் சிலி தன் சட்டத்தில் எழுதிக்கொண்டதும் ஏறக்குறைய இவைதாம், கூடவே லாபத்துக்குத் தடையும். இந்த மூன்று வரிக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் மெட்ரிக் பள்ளித் தாளாளர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து, அந்தப் பட்டியலோடு அவர் தன் அடுத்த கட்டுரையை எழுதட்டும்.